நெஞ்சளவில் நின்ற மைக்

ஹவுகெட்டோ ஸ்டேஷனில் இருந்து மேட்டில் ஏறிப் போனால் வரும் அந்தப் பழைய மர மண்டபத்துக்கு மகேசன் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. டிசம்பர் மாதத்தில் ஒஸ்லோவின் இரண்டு மணிக்குப் பகல் என்பது பெயர்தான். வெளிச்சம் அப்போதே மரங்களுக்குப் பின்னால் மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. அவன் விடிய நான்கு மணிக்கு ஒரு பேக்கரியில் மா மூட்டை தூக்கத் தொடங்கியவன். வேலை முடிந்ததும் ரொம்மனில் இருக்கும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தான். முதுகு நொந்தது. கண் எரிந்தது. கதவைத் திறக்கும்போது திறப்பு இரண்டு தரம் கைநழுவிப் பனிக்குள் விழுந்தது.

முன்னொரு காலத்தில் நோர்வேக்காரர்கள் ஜெபம் செய்த மண்டபம் அது. இப்போது தமிழர் சங்கம் ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தது. பிறந்தநாளோ, பெண்பிள்ளையின் சாமத்திய வீடோ, செத்தவரின் அந்தியேட்டியோ, அங்கே எது நடந்தாலும் சவுண்ட் மகேசன்தான். பதினான்கு வருடமாக அப்படித்தான். ஆரம்பத்தில் ஆசையாகச் செய்தான். பிறகு மறுக்கத் தெரியாமல் செய்தான்.

மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஆறு மைக் ஸ்டாண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. விழா முடிந்ததும் யார் யாரோ அவற்றை இழுத்து வந்து எறிந்துவிட்டுப் போவார்கள். இருபத்தாறாம் திகதி சுனாமி நினைவுநாள். இரண்டாவது வருடம். அதற்குள் அவை எழுந்து நிற்க வேண்டும்.

மேடையின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். மூன்று கால்களில் ஒன்று கழன்றிருந்த ஸ்டாண்டுக்குத் திருகாணி மாற்றி முறுக்கினான். வளைந்த கம்பியை முழங்காலில் வைத்து நிமிர்த்தினான். மைக்கைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் தலை வெடித்திருந்த இரண்டுக்குப் புதுத் தலை முறுக்கினான். கை பழகிய வேலை. மனம் அதில் இல்லை. மண்டபத்தைச் சூடாக்கும் சுடுகலன்கள் எங்கோ டிக் டிக் என்று சத்தமிட்டுக்கொண்டிருந்தன. பழைய மரத்தின் மணமும் தூசு காய்கிற மணமும் மூக்கில் நின்றன.

ஐந்து சரியாகிவிட்டது. ஆறாவதுதான் நிற்கவில்லை.

அதில் உடைந்தது என்று எதுவும் இல்லை. மேல் குழாயை இழுத்து உயர்த்தி, நடுவில் இருக்கும் பிடியை இறுக்கினால், கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் குழாய் தானாகக் கீழே இறங்கியது. உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கும் என்று பிடியைக் கழற்றினான். குழாய்க்குள் இருந்து ஏதோ சரசரவென்று அவனுடைய காற்சட்டையில் கொட்டியது.

மணல்.

தெருவில் பனி வழுக்காமல் இருக்கப் போடும் கல்லுத்தூள் ஒட்டி வந்திருக்கும் என்று தட்டிவிட்டான். ஆனால் அது கல்லுத்தூள் மாதிரிக் கரடாக இல்லை. நைசாக, வெளிறி, ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டியதை மணந்து பார்த்தான். கடல் மணந்தது.

பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி ரப்பருக்குப் பதிலாக வைத்தான். பிடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். தன் வாய் உயரத்துக்கு நிறுத்தி, மேலே ஒரு கையால் அழுத்தியும் பார்த்தான். அசையவில்லை. கருவிகளைப் பெட்டிக்குள் போடத் திரும்பினான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். இரும்புக்குள் இரும்பு வழுக்கும் மெல்லிய சத்தம். அவசரமில்லாமல், மூச்சு விடுகிற மாதிரி.

ஸ்டாண்ட் அவன் நெஞ்சளவில் நின்றது.

“என்ன மகேசன், முடிஞ்சுதே?”

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். சங்கத்துச் செயலாளர் பரமநாதன், சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கையில் சுருட்டிய பதாகை.

“ஒண்டு நிக்குதில்லை, அண்ணை. எவ்வளவு இறுக்கினாலும் இறங்குது.”

“அதோடை ஏன் மினக்கெடுறீர்? போன மாசம் புதுசு ஒண்டு வாங்கினதெல்லே, பெட்டியோடை கிடக்கு. அதை எடும். இதைக் குப்பையிலை போடும்.” பதாகையை மேசையில் வைத்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்டு. இந்த முறை லிஸ்டிலை இல்லாத ஆக்கள் ஒருத்தரும் மேடைக்கு ஏறப்படாது. போன வருசம் மாதிரி வேண்டாம். நான் கை காட்டினா உடனே நிப்பாட்டிப்போடும்.”

மகேசன் குனிந்து பிடியை இன்னொரு தரம் முறுக்கினான்.

“என்ன, கேட்டுதே?”

“ஓம் அண்ணை.”

அவர் போனதும் கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது. வெளியே வெளிச்சம் முழுக்கப் போயிருந்தது. மணி மூன்றரைகூட ஆகவில்லை. ஜன்னல்களில் மண்டபத்தின் வெறும் கதிரைகள்தான் திரும்பத் தெரிந்தன.

போன வருடத்தை அவன் மறக்கவில்லை.

கூட்டம் முடியும் நேரம், யோகாம்பாள் என்று ஒருத்தி தானாக எழும்பி மேடைக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். கட்டையான உருவம். முல்லைத்தீவில் புருசனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு முதலில் தான் வந்து, அவர்களைக் கூப்பிடுவதற்கான விசாவுக்காகக் காத்திருந்தவள். கடல் முந்திக்கொண்டது. பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரையும் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

“பேரை மட்டும் வாசிக்கிறன். வேறை ஒண்டும் கதைக்கமாட்டன்,” என்றாள்.

மைக் அவளுக்கு எட்டவில்லை. முந்திப் பேசியவர் உயரமானவர். மகேசன் எழும்பிப் போய் அதை இறக்கி விட்டிருக்க வேண்டும். அன்றைக்கும் அவன் விடிய வேலைக்குப் போய் வந்த களைப்பில் இருந்தான். இரண்டு நிமிசம்தானே என்று இருந்துவிட்டான். அவள் நுனிக்காலில் நின்று, முகத்தை அண்ணாந்து வாசித்தாள். வயதுப்படி மூத்தவர்களில் இருந்து தொடங்கினாள். மாமனார் வேலாயுதம். மாமியார் அன்னலட்சுமி. புருசன் தர்மராசா.

அதற்குள் பிரதம விருந்தாளி கோட்டை மாட்டிக்கொண்டு எழும்பினார். பரமநாதன் மேடை ஓரத்தில் இருந்து கை காட்டினார்.

மகேசன் மிக்ஸரில் ஒரு விரலால் அந்த மைக்கின் சத்தத்தை இழுத்துக் குறைத்தான். அவ்வளவுதான் செய்தான். நன்றியுரைக்காரர் வேறொரு மைக்கில் தொடங்கிவிட்டார். மைக் செத்தது யோகாம்பாளுக்கு உடனே தெரியவில்லை. அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிள்ளைகளின் பேர்கள் எல்லாம் தாளின் அடியில் இருந்தன.

பெப்ரவரியில் ஒரு காலை அவள் நித்திரையில் இருந்து எழும்பவில்லை. செத்த வீட்டுக்கு மகேசன் போகவில்லை. வேலை இருந்தது. கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொன்னான்.

இப்போது அவன் புதுப் பெட்டியைக் கிழித்தான். உள்ளே இருந்தது எண்ணெய் மணக்கும் புது ஸ்டாண்ட், யார் கையும் படாதது. கால்களை விரித்து மேடை நடுவில் வைத்தான். உயர்த்தி இறுக்கினான். பழையதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் போட்டுக் கதவைச் சாத்தினான்.

திரும்பி வந்தபோது புதியதும் நெஞ்சளவில் நின்றது.

அவன் அதன் பக்கத்தில் போகவில்லை. சுவரோரமாக நடந்து, சரியாக்கி வைத்த மற்ற ஐந்தையும் பார்த்தான். எல்லாம் வைத்த இடத்தில், வைத்த உயரத்தில் நின்றன. நடுவில் நின்ற அது மட்டும்.

மெல்லப் போய் மேல் குழாயை உயர்த்தினான். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

குழாய் அவன் கைகளுக்குள்ளால் இறங்கியது.

யாரும் இழுக்கவில்லை. முரட்டுத்தனமும் இல்லை. பொறுமையாக, ஒரு பெண் தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்கிற மாதிரி இறங்கியது. உள்ளங்கைகள் ஈரமாகிவிட்டன. நக்கிப் பார்க்காமலே உப்பு என்று தெரிந்தது.

சுடுகலன்களின் டிக் டிக் நின்றிருந்தது.

மேடைப் பலகை ஒன்று முனகியது. அவனுக்கு முன்னால், ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம். ஒரு ஆள் நின்று களைத்து, காலை மாற்றி வைக்கிற முனகல்.

மகேசன் தன் சட்டையைப் பார்த்தான். கம்பியின் நுனி மேலிருந்து மூன்றாவது பொத்தானுக்கு நேரே நின்றது. அந்த உயரத்துக்கு ஒரு முகத்தை வைத்துப் பார்த்தான். வேறு யாருடைய முகமும் அங்கே பொருந்தவில்லை.

கோட்டை எடுத்தான். வாசல்வரை போய்க் கதவுக் கைப்பிடியில் கை வைத்தான். கைப்பிடி குளிர்ந்து கிடந்தது. வெளியே போய்விட்டால் போதும். கார் கீழே நின்றது. ஆனால் மூன்று நாளில் திரும்ப வரவேண்டும். திரும்ப இதே மேடை, திரும்ப ஒரு கை காட்டல், திரும்ப இவன் விரல். அதை நினைத்தபோது பயத்தைவிடப் பெரிய ஒரு அலுப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடமும் யாரோ காட்டிய கைக்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டி வந்த அலுப்பு.

திரும்பி வந்தான்.

மைக் ஒன்றை எடுத்து ஸ்டாண்டின் தலையில் பொருத்தினான். வயரை மிக்ஸரில் செருகினான். ஸ்பீக்கர்களைப் போட்டான். அவை ஒருதரம் பம் என்று உறுமி அடங்கின.

“தங்கச்சி,” என்றான். “அண்டைக்கு நான்தான் நிப்பாட்டினனான். அவர் கை காட்டினவர்தான். எண்டாலும் நிப்பாட்டினது நான்.”

பலகை முனகவில்லை.

“இப்ப ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் நிப்பாட்டமாட்டினம். நீர் வாசியும்.”

சத்தத்தை மேலே தள்ளினான்.

ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. வெறும் இரைச்சல்கூட இல்லை. ஆனால் மிக்ஸரில், யாராவது பேசினால் மட்டும் எரிகிற அந்தப் பச்சை விளக்குகள் கீழிருந்து மேலே ஏறின. ஒரு பேரின் நீளத்துக்கு எரிந்தன. அணைந்தன.

வேலாயுதம்.

மறுபடி எரிந்தன. இன்னும் கொஞ்சம் நீளமாக. அன்னலட்சுமி.

மூன்றாவது. அவனுக்குத் தெரிந்த கடைசிப் பேர் அது.

நான்காவது தடவை விளக்குகள் ஏறியபோது அவனுடைய கண்கள் கலங்கிவிட்டன. ஐந்து. ஆறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு இடைவெளி, தாளில் அடுத்த வரியைத் தேடுகிற இடைவெளி. ஒன்பதாவதில் இருந்து விளக்குகள் மிகவும் மெதுவாக ஏறின. பேரைச் சொல்ல மனமில்லாமல் சொல்கிற மாதிரி. பதினொன்றாவது எரிந்து, நெடுநேரம் அணையாமல் நின்று, பிறகு அணைந்தது.

சுடுகலன்கள் மீண்டும் டிக் டிக் என்று தொடங்கின. மண்டபம் வெறும் மண்டபமாகத் தெரிந்தது. எங்கேயோ ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. இனிப் போகலாம், இனிப் படுக்கலாம் என்று நினைத்தான். ஸ்பீக்கர்களை நிறுத்தினான். மிக்ஸரை நிறுத்திச் சுவரில் இருந்து வயரைக் கழற்றினான். மைக்கையும் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டில் இருந்து அவன் மனைவி சிவநாயகி.

“இஞ்சேருங்கோ, எங்கை நிக்கிறியள்? சாப்பாடு ஆறுது.”

“முடிஞ்சுது, நாயகி. வெளிக்கிட்டிட்டன்.”

“என்ன? கேக்கேல்லை. கொஞ்சம் சத்தமாக் கதையுங்கோ.”

“வெளிக்கிட்டிட்டன் எண்டு சொன்னனான்.”

“ஐயோ, உந்தப் பிள்ளையளை ஒருக்காச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்கோ. நீங்கள் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை.”

மகேசன் கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி நின்றுவிட்டான். மண்டபத்தில் சுடுகலன்களின் டிக் டிக் தவிர எந்தச் சத்தமும் இல்லை.

“எந்தப் பிள்ளையள்?”

“எனக்கென்ன தெரியும்? உங்கடை பக்கத்திலைதானே நிக்குதுகள். பள்ளிக்கூடத்திலை பேர் கூப்பிட்டா எழும்பிச் சொல்லுற மாதிரி, ஒண்டு மாறி ஒண்டு ‘ஓம் அம்மா’, ‘ஓம் அம்மா’ எண்டு...”

பின்னால் அந்த மெல்லிய சத்தம் மறுபடி கேட்டது.

அவன் திரும்பினான். மேடையின் நடுவில் ஸ்டாண்ட் நெஞ்சளவைத் தாண்டி, இடுப்பளவைத் தாண்டி, அவனுடைய முழங்கால் உயரத்தை நோக்கி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.