டேப்பை மட்டும் நம்பிய பூட்டு

கள்ளக்குறிச்சி குடோனில் அப்போது இருந்தவர்கள்: உரிமையாளர் காஜா மைதீன், கல்வராயன் மலை உழவர்களின் விதைச் சாமைக்குப் பொறுப்பான குப்பன், பூட்டுக் கம்பெனி ஏஜென்ட் ராஜாங்கம், துப்பறிய வந்த எழில்மதி, அவளுடைய உதவியாளர் ருக்ஷானா. விதை மூட்டைகளைத்தான் காணவில்லை.

பூட்டின் பதிவுப்படி, வெள்ளிக்கிழமை குடோன் ஆட்கள் எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் குப்பனின் டேப், அதாவது கையடக்கக் கணினி, கதவைத் திறந்திருக்கிறது. கள்ளச்சாவித் திருட்டு இந்த டிஜிட்டல் பூட்டு வந்த பிறகே நின்றது. அதனால் காஜா மைதீன் பூட்டைச் சந்தேகிக்கவில்லை. மாலைக்குள் குப்பனைப் போலீஸில் ஒப்படைக்கப்போவதாகச் சொன்னார். மலையில் மழை விழுந்துவிட்டது. ஊரே விதைக்காகக் காத்திருந்தது.

ராஜாங்கம் விளக்கினார். மென்பொருளில் யார் கைவைத்தாலும் டேப்பிலுள்ள சிப் கண்டுபிடித்துவிடும். வியாழன் காலையிலிருந்து, புது மென்பொருள் ஏற்றாத டேப்புக்குப் பூட்டு திறக்காது. "என் டிஜிட்டல் சாவி இல்லாம அதுல எவனும் எதையும் ஏத்த முடியாது," என்றார் பெருமையாக.

குப்பன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மேலே டவர் கிடையாது. மலைக்காரர்கள் எல்லோரையும் போல அவரும் வியாழனன்று அடிவாரத்தில் ராஜாங்கத்திடம் டேப்பைக் கொடுத்துவிட்டு ஏறிப்போய், சனிக்கிழமை திரும்ப வாங்கியிருக்கிறார்.

"சனிக்கெழமதான் எங்கிட்டயே வந்துது," என்றார் ராஜாங்கம். "அதுவரைக்கும் அவன் கையிலதான் இருந்துச்சு."

"அப்ப குப்பன்தான் மேடம்," என்றாள் ருக்ஷானா அவசரமாக.

எழில்மதி ராஜாங்கத்தைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம பூட்டு எப்டிங்க தெறந்துச்சு? புதுசு ஏத்தலன்னா தெறக்காதுன்னீங்க. ஏத்துற சாவி உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. அப்ப வெள்ளிக்கு முன்னாடியே டேப் உங்க கைக்கு வந்திருக்கு. அத ஏன் மறைக்கிறீங்க?"



"மிஷின் பொய் சொல்லாதுன்னு நெனச்சேனே," என்றார் காஜா மைதீன்.

"அது பொய் சொல்லலீங்க பாய். எந்த டேப்புன்னுதான் சொல்லிச்சி. யாரு கைன்னு நீங்களா சேத்துக்கினீங்க. ஏஜென்ட் கை உங்களுக்குத் தோணவே இல்ல. மலைக்காரன் கைதான் தோணுச்சி," என்றாள் எழில்மதி.

குப்பன் ராஜாங்கத்தின் எதிரே போய் நின்றார். "என்னத் திருடன்னே சொல்லிக்க. வெத எங்க?"

உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் இருப்பதாக ராஜாங்கம் முனகினார். காஜா மைதீன் மன்னிப்புக் கேட்க வந்தார். குப்பன் அதற்கு நிற்கவில்லை. ருக்ஷானாவுடன் வண்டி பிடிக்கப் போய்விட்டார்.

எழில்மதி வெளியே போய்ப் போலீஸுக்குப் போன் செய்தாள். காஜா மைதீன் ராஜாங்கத்தைக் காலிக் குடோனிலேயே விட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தி, கொண்டியில் பழைய திண்டுக்கல் பூட்டை மாட்டிப் பூட்டினார்.