மழை நாளில் நகரும் இருக்கை

"அந்தக் காருக்குள்ள என் வீட்டுக்காரர் இருக்காரா இல்லையா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

வந்தவள் இதைச் சொல்லிவிட்டு ஈரக் குடையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். தன் உடை நனைவதைக்கூட அவள் கவனிக்கவில்லை. தேநீரை நீட்டப்போன மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது. அவனுடைய மாமியார் மட்டும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "உங்க வீட்டுக்காரர் எப்ப தவறினார்?" என்று கேட்டார்.

காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, தீராத சந்தேகங்களோடு வருகிறவர்களுக்குத் துப்பறிந்து சொல்வது இப்போது அவர் தொழில். மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுப்பவன். வேலை நேரம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மற்ற நேரத்தில் மாமியாருக்கு எடுபிடி. "என் புருஷன் கட்டிக்கிட்டது என்னையா, எங்கம்மாவையா?" என்று அவன் மனைவி கேட்காத நாளில்லை.

வந்தவள் உயர்ரக கார்கள் விற்கும் ஷோரூம் ஒன்றின் முதலாளியம்மா. முதலாளியாக இருந்த கணவர் சென்ற மழைக்காலத்தில் ஏரிச் சாலை வளைவில் தண்ணீரில் விழுந்து இறந்துபோனார்.

"விழுந்தார்னு நான் சொல்றேன். ஆனா போலீஸ், அவரே குதிச்சிட்டார்னு சொல்லுது. கார் ஓரமா நின்னுச்சு, ஒழுங்கா பூட்டியிருந்துச்சு. கால் தவறி விழறவர் காரைப் பூட்டிட்டா விழுவார்னு கேட்டாங்க. நான் என்ன பதில் சொல்றது?" அவள் குடையின் கைப்பிடியைத் திருகினாள். "அன்னைக்குக் காலையில சிரிச்சுக்கிட்டேதான் போனார். மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு, வாசல்ல நின்னு பொத்தான் போட்டார். மறுநாள் உடம்பு கிடைச்சப்போ அந்தக் கோட்டுகூட இல்ல. தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும்னாங்க."

"காரோட சாவி?"

"அதுவும் கிடைக்கல. ஏரிக்குள்ளதான் கிடக்கும். ஷோரூம்ல இருந்த இன்னொரு சாவியைக் கொண்டுபோய்த்தான் காரை எடுத்தோம். கீறல்கூட இல்லாத கார். டெஸ்ட் டிரைவுக்குன்னே வச்சிருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்தாத்தான் ஜனங்க வாங்குவாங்க." அவள் குடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மழை பெய்யற நாள்ல யாராவது ஓட்ட வந்தா, அவங்க உட்கார்ந்ததும் சீட்டு தானா பின்னால போகுது. கண்ணாடி மேல தூக்குது. ஏசி முகத்துல ஜில்லுன்னு அடிக்குது. முன்னால இருக்கிற திரையில வணக்கம்னு வந்து, கீழே அவர் பேரு வருது. அவர் நல்ல உயரம். அவர் அளவுக்குத்தான் அந்த சீட்டு போகுது."

கார் விஷயத்தில் மாப்பிள்ளையால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "அத்தை, அது அந்த ரகக் கார்ல இருக்கிற வசதி. ஒவ்வொரு சாவிக்கும் அதை வச்சிருக்கிறவரோட அளவைப் பதிஞ்சு வைக்கலாம். அந்தச் சாவி பக்கத்துல வந்தாலே போதும், சீட்டு, கண்ணாடி எல்லாம் அவருக்கு ஏத்த மாதிரி மாறிடும்."

"எங்க மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார்," என்றாள் முதலாளியம்மா. "இருக்கிற சாவியில யார் அளவும் பதியல. இது அவர் சாவிக்கு மட்டும் நடக்கிறது. அந்தச் சாவிதான் தண்ணிக்கடியில கிடக்கே! காரை அக்கு அக்கா பிரிச்சுத் தேடிட்டாங்க. உள்ள இல்ல. அப்ப அதை எடுத்துக்கிட்டு வர்றது யாரு?"

வெளியே தூறல் வலுத்தது.

"அவர் பதிவை அழிச்சுடலாமே?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார்.

"மெக்கானிக் அழிக்கத்தான் வந்தார். நான்தான் வேண்டாம்னுட்டேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

* * *

மழை விடாததால் அன்று பிற்பகலே மாப்பிள்ளை கார் வாங்குகிறவனாக வேடம் போட்டுக்கொண்டு கிளம்பினான். கல்யாணத்துக்குப் பிறகு எடுக்காத நல்ல சட்டையை மனைவி தேடிக் கொடுத்தாள். "பார்த்து, நிஜமாவே வாங்கிட்டு வந்துடாதீங்க," என்று வாசல் வரை வந்து சொன்னாள்.

ஷோரூமின் கண்ணாடிச் சுவர்களில் மழை வழிந்துகொண்டிருந்தது. உள்ளே வரிசையாக நின்ற கார்களின் மீது அந்த நீர்க்கோடுகளின் நிழல் ஊர்ந்தது. அத்தை ஓரமாக மெக்கானிக்கோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசையும் முன்கோபமும் கொண்ட மனிதர் அவர்.

"பேயாவது பிசாசாவது! மழையில நானே தனியா ஏரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேம்மா. ஒண்ணும் நடக்கல. கஸ்டமர் வந்தாத்தான் நடக்குது," என்று எரிந்து விழுந்தார்.

"கஸ்டமர் கூட யார் போவாங்க?"

"சின்னவர்தான். முதலாளியோட தம்பி. அவரைத் தவிர வேற யாரும் அந்தக் கார்கிட்டயே போறதில்ல."

சின்னவர் வந்தார். குள்ளமான உருவம், தூக்கத்தையே மறந்த கண்கள். ஷோரூம் ஆட்கள் எல்லோரும் போடுகிற அதே சாம்பல் நிற மழைக்கோட்டைத்தான் அவரும் போட்டிருந்தார். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்ட பிள்ளைபோல் கைகளை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

முற்றத்தில் கார் நின்றது. கறுப்பு நிறம், தாழ்ந்து நீண்ட உடம்பு, பாயத் தயாரான மிருகத்தின் பதுங்கல். சின்னவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் தானே திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மாப்பிள்ளை உட்கார்ந்தான். தோல் வாசனை. மெத்தென்ற சாய்வு. 'இந்த சுகத்துக்காகப் பேயோடகூடக் குடும்பம் நடத்தலாம்' என்று அவன் நினைத்து முடிக்கவில்லை.

இருக்கை அவனைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது.

அவன் கால்கள் பெடலிலிருந்து விலகின. நடுக் கண்ணாடி தானாக நிமிர்ந்து, அவன் தலைக்கு மேலே எவருடைய கண்களையோ தேடியது. குளிர்காற்று முகத்தில் அறைந்தது. திரையில் இறந்தவரின் பெயர் ஒளிர்ந்தது.

பக்கத்து சீட்டில் வந்து அமர்ந்த சின்னவர் திடுக்கிடவில்லை. திரையைப் பார்த்து மிக மெல்லிய குரலில், "வந்துட்டியா?" என்றார். பிறகுதான் மாப்பிள்ளை இருப்பது நினைவு வந்ததுபோல், "பயப்படாதீங்க சார். சீட்டை முன்னால தள்ளிக்கலாம்," என்று பொத்தானைக் காட்டினார்.

ஏரிச் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போனது. தொட்டால் சீறியது, நினைத்த இடத்தில் நின்றது. மாப்பிள்ளையால் எதையும் ரசிக்க முடியவில்லை. பின்சீட்டில் யாரோ மூச்சுவிடுகிறார்கள் என்றே தோன்றியது. வளைவு வந்ததும் சின்னவர், "இங்க மெதுவா," என்றார். பாசி படர்ந்த தாழ்ந்த கைப்பிடிச் சுவர். அதற்கப்பால் சாம்பல் நிறத் தண்ணீர்.

"இங்கதானா?" என்று மாப்பிள்ளை கேட்டான். காரை ஓரம்கட்டி இருவரும் இறங்கினார்கள்.

"இங்கதான். அந்த மழையில வெறும் சட்டையோட நின்னிருப்பார் பாவம்," என்றார் சின்னவர். அதற்குமேல் பேசாமல் சாலையோர மரத்தடிவரை நடந்தார். மாப்பிள்ளையும் பின்தொடர்ந்தான். முதுகுக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். திரும்பினான். யாரும் தொடாமலே கார் விளக்கைச் சிமிட்டிவிட்டுத் தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தது.

* * *

"ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. ஷோரூமின் ஒரு மூலையில் நின்று அவன் சொன்னான். 'வந்துட்டியா', மடித்த கைகள், வெறும் சட்டை, தானாகப் பூட்டிக்கொண்ட கார் எல்லாவற்றையும் கொட்டினான்.

"கார் பூட்டிக்கிட்டது எதனால?"

"சாவி தள்ளிப் போனா தானா பூட்டிக்கும் அத்தை. அதுவும் ஒரு வசதிதான். ஆனா சீட்டு நகர்ந்தது? நான் கண்ணால பார்த்தேன். இனி என் பொண்டாட்டி கூப்பிட்டாலும் தனியா இருட்டுல போகமாட்டேன்."

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "எல்லாரையும் கூப்பிடுங்க. வெற்றி பெறப்போற மாதிரி முகத்தை வச்சுக்காதீங்க. இதுல யாருக்கும் சந்தோஷம் இருக்காது," என்றார்.

ஷோரூமின் நடுவில் முதலாளியம்மா, சின்னவர், மெக்கானிக் மூவரும் நின்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கார் நனைந்துகொண்டிருந்தது.

"தம்பி, அந்தக் கோட்டைக் கழட்டிக் கொடுங்க," என்றார் அத்தை.

சின்னவர் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். அத்தை அதை மெக்கானிக்கிடம் நீட்டினார். "நீங்க மழையில தனியா ஓட்டினப்போ ஒண்ணும் நடக்கலைன்னீங்க. இப்ப இதைக் கையில வச்சுக்கிட்டு அந்தக் கதவைத் திறங்க. உள்ள உட்காரவேண்டாம்."

மெக்கானிக் போனார். கதவைத் திறந்தார். ஆளில்லாத இருக்கை அடக்கமாகப் பின்னால் நகர்ந்தது. மீசைக்காரர் கோட்டைத் தீயைத் தொட்டதுபோல் உதறப் போய், சமாளித்துக்கொண்டு திரும்பி வந்தார். முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மழை பெய்தா அவர் வர்றார்னு நினைச்சீங்க," என்றார் அத்தை. "மழை பெய்தா இந்தக் கோட்டு வருது, அவ்வளவுதான்." மெக்கானிக்கிடமிருந்து கோட்டை வாங்கி அதன் பைக்குள் கைவிட்டார். பை கிழிந்திருந்தது. விரல்கள் உள்துணிக்குள் இறங்கி, கீழ்மடிப்பில் எதையோ நெருடி மேலே தள்ளின. கறுப்புச் சாவி ஒன்று பக்கத்திலிருந்த மேசையில் விழுந்தது.

"சாவி தண்ணியில போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க. தண்ணிக்கடியில கிடக்கிற சாவி காரைக் கூப்பிடாது. அப்ப இது தண்ணியிலயே விழல. அவர் போட்டுக்கிட்டுப் போன கோட்டும் விழல. இது ரெண்டும் தரை மேல நடந்து போயிருக்கு. சாவி விலகினதும் கார் தன்னைத்தானே பூட்டிக்கிச்சு. உங்க வீட்டுக்காரர் எதையும் பூட்டலம்மா."

மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. "கோட்டு இவரோடதுதான்னு ஏன் இருக்கக்கூடாது அத்தை? எல்லாருக்கும் ஒரே கோட்டுதானே?"

"நிறம்தான் ஒண்ணு. அளவு? கையை ரெண்டு மடிப்பு மடிக்கிற மாதிரியா ஒருத்தர் தனக்குக் கோட்டு எடுப்பார்? அதோட, கிளம்பறப்போ அவர் கோட்டுல பொத்தான் போட்டதைப் பார்த்தது இந்தம்மா. தண்ணி இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்னது போலீஸ். அவர் வெறும் சட்டையோட மழையில நின்னார்னு சொன்னது இவர் ஒருத்தர்தான். அதைப் பக்கத்துல நின்னு பார்த்தவரால மட்டும்தான் சொல்ல முடியும்."

சின்னவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் தொடவில்லை.

"ரெண்டு பேரும்தான் போனோம் அண்ணி," என்றார். "கஸ்டமரைக் கூட்டிக்கிட்டுப் போறப்போ நீ ரொம்ப வேகமா ஓட்டிக் காட்டறே, ஒருநாள் யாரையாவது கொன்னுடப்போறடான்னு திட்டினார். எனக்கு ரோஷம். வளைவுல காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தேன். பின்னாலயே ஓடி வந்தார். நனையாதடா, உனக்குச் சளி பிடிச்சா நான்தான் அண்ணிகிட்ட திட்டு வாங்கணும்னு சொல்லி, தன் கோட்டைக் கழட்டி என் தோள்ல போட்டார். நான் கையைத் தட்டிவிட்டேன். தட்டித்தான் விட்டேன், தள்ளல. அந்தச் சுவர் பாசி... கால் வழுக்கிடுச்சு."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீந்தத் தெரியாது எனக்கு. கத்தினேன். ரோட்டுல ஒரு ஆள் இல்ல. அப்புறம்... ஓடிட்டேன். அந்தக் கோட்டோடவே ஓடிட்டேன். சாவி உள்ள இருந்தது சத்தியமா தெரியாது. முதல் தடவை சீட்டு நகர்ந்தப்போ செத்துப்போயிடலாம்னு இருந்துச்சு. என்னைத் தேடித்தான் வந்திருக்கார்னு நினைச்சேன்."

"அப்ப இந்தக் கோட்டை ஏன் தூக்கிப் போடல?" என்று கேட்டார் அத்தை.

சின்னவர் நிமிர்ந்து பார்த்தார். "இதைப் போட்டாத்தானே வர்றார்," என்றார்.

முதலாளியம்மா மேசைப் பக்கம் போனாள். சாவியை எடுத்தாள், வைத்தாள். அவள் அழுவாள் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தான். அவள் அத்தையைப் பார்த்து, "அப்ப அவர் என்னை விட்டுட்டுப் போகல," என்றாள்.

"இல்லம்மா. வீட்டுக்குத் திரும்பி வர்றதாத்தான் இருந்தார். உங்ககிட்ட திட்டு வாங்கறதைப் பத்தித்தான் கடைசியா பேசியிருக்கார்."

அதன் பிறகுதான் அவள் உடைந்தாள். கொழுந்தன் முன்னால் போய் நின்று, சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "இத்தனை நாளும் என் கூட உட்கார்ந்து சாப்பிட்டியேடா! அவர் ஏன் போனார், நான் என்ன குறை வச்சேன்னு உன்கிட்டதானே கேட்டுக் கேட்டு அழுதேன். ஒரு வார்த்தை சொன்னியா?" அவர் எதிர்க்கவில்லை. கை ஓய்ந்ததும் அவளே விலகினாள்.

போலீசில் சொல்லியாக வேண்டும் என்றார் அத்தை. சின்னவர் தலையாட்டினார். சட்டம் அவரை என்ன செய்யும் என்பது அத்தைக்கே நிச்சயமில்லை. தள்ளிய கையா, தட்டிய கையா என்பதற்கு அந்த ஏரியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

டிரைவிங் ஸ்கூல் காரில்தான் போனார்கள். முன்சீட்டில் அத்தை. பின்சீட்டின் இரு மூலைகளில் அண்ணியும் கொழுந்தனும், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. கண்ணாடியில் அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் ஓட்டுவதற்கு மாப்பிள்ளை மிகவும் பாடுபட்டான்.

போலீஸ் நிலைய வாசலில் சின்னவர் இறங்கினார். படியில் கால் வைத்தவர், உள்ளே போக முடியாமல் நின்றுவிட்டார். முதலாளியம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபக்கம் பார்த்தபடி இருந்தாள். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பலாமா என்று அத்தையைப் பார்த்தான். அத்தை விரலை உயர்த்தி, பொறுங்க என்றார்.

பின்கதவு திறந்தது. முதலாளியம்மா இறங்கி, மழையில் நடந்து, கொழுந்தனைக் கடந்து முதலில் படியேறினாள். வாசலில் நின்ற காவலர் அவளைத் தடுத்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

அவள் திரும்பிப் பார்க்காமலே பின்னால் கைகாட்டினாள்.

"இவனுக்கு அண்ணி," என்றாள்.