ரத்த வங்கியில் ஊதாத சைரன்

நாலு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தை அவள் மேசைமேல் வைத்தாள். ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் குளிர்பெட்டி சூடேறியபோது சைரன் ஊதாததற்குத் அவள் எழுதிய புரோகிராமே காரணம் என்று அதில் அச்சடித்திருந்தது. போட்டால் வேலை போகும். போடாவிட்டால் போலீஸ் வரும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

எதிரே இருந்தவரை புரோகிராம் எழுதும் தொழிலில் எல்லோரும் 'கல்' என்பார்கள். கெட்டுப்போன புரோகிராம்களில் துப்புத் துலக்குபவர். அவர் பேசாமல் இருக்கும் நேரத்தில் ஒரு சட்டையைத் தேய்த்து மடித்துவிடலாம். பக்கத்தில் அவர் மைத்துனர். லிஃப்ட் பழுது பார்த்து ஓய்ந்து, இப்போது அத்தானின் பையைத் தூக்கிக்கொண்டு அலைபவர்.

"சைரன் ஊதவே இல்லையா?" என்றார் கல்.

"ஊதிச்சு சார். பெட்டி மத்தியானம் ரெண்டே காலுக்குச் சூடாச்சு. சைரன் சரியா நாலு மணிக்குத்தான் ஊதிச்சு. அதுக்குள்ள நூத்தி எண்பது பை ரத்தம் வீண்."

"சரியா நாலு மணிக்கா?"

"வினாடி பிசகாம. ஆனா என் ஃபைல்ல பதினோரு மாசமா ஒரு எழுத்துகூட மாறலை."

அவள் காட்டிய ஃபைலைக் கல் படித்தார். "மேலாளரைப் பார்க்கணும்" என்று எழுந்தார்.

மூன்றரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேலாளர் அறை வாசலில் மைத்துனர் அழைப்பு மணியை அழுத்தினார். பொத்தானில் விளக்கு சிவந்தது, சத்தம் வரவில்லை. கதவைத் தட்டினார்கள். வெகுநேரம் கழித்துத் திறந்த மேலாளரின் இடது கன்னத்தில் சோபாத் துணியின் வரிகள் பதிந்திருந்தன.

"கையெழுத்துப் போடச் சொன்னா கூட்டம் சேர்த்துக்கிட்டு வந்திருக்கியா?"

"இந்த மாசம் சிஸ்டத்துல வேற யார் கை வச்சது?" என்றார் கல்.

"யாரும் இல்லை. சைரன் எழுதினது இவ. ஊதலைன்னா இவதான் பதில் சொல்லணும். நானும் புரோகிராம் எழுதி மேல வந்தவன்தான்யா, எனக்குப் பாடம் எடுக்காதே."

"மத்த ஃபைலையும் பார்க்கலாமா?"

"உனக்கு எதுக்கு? நீ யாரு?"

கல் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது. மேலாளர் பேனாவைத் திறந்து கடிதத்தின்மேல் வைத்தார்.

"மாப்பிள்ளை, இந்தம்மா சைரனை யார் உருவாக்குறாங்கன்னு நினைக்கிறே?"

"இவங்கதானே அத்தான்?"

"இல்லை. ஃபிரேம்வொர்க், புரோகிராமோட துண்டுகளைத் தானே சேர்க்கிற அடிப்படை மென்பொருள். சைரனுக்கு என்னென்ன வேணும்னு இவங்க கன்ஸ்ட்ரக்டர்ங்கிற உருவாக்கக் குறிப்புல எழுதுவாங்க. அது பதிவேட்டைப் பார்த்து, இருக்கிறதை எடுத்துக் கோத்துக் கொடுக்கும். இவங்க ரெண்டு கன்ஸ்ட்ரக்டர் எழுதியிருக்காங்க. ஒண்ணுக்கு வெப்பமானியும் ஊதுற கருவியும் போதும். இன்னொண்ணு அதோட, எந்த நேரத்துல ஊதக் கூடாதுங்கிற அமைதி நேரப் பட்டியலும் கேட்கும்."

"நர்சுங்க கேட்டாங்க, அப்புறம் வேண்டாம்னுட்டாங்க," என்றாள் அவள். "அந்தப் பட்டியலை நான் பதிவு பண்ணவே இல்லை."

"அதனால பதினோரு மாசம் சின்னதுதான் ஓடிச்சு. இந்த ஃபிரேம்வொர்க்குக்கு ஒரு குணம் உண்டு. கேட்டதெல்லாம் கிடைச்சா, நீளமான கன்ஸ்ட்ரக்டரைத்தான் எடுக்கும். யாரோ பட்டியலைப் பதிவேட்டுல சேர்த்தாங்க. அடுத்த தடவை சிஸ்டம் எழுந்தப்போ சைரனுக்கு அதுவும் போய்ச் சேர்ந்துடுச்சு. யாரையும் கேட்காம, ஒரு வார்த்தை சொல்லாம."

"கதை நல்லா இருக்கு," என்று மேலாளர் சிரித்தார். "யாருய்யா அந்த யாரோ?"

"நாலு மணி வரைக்கும் அமைதி தேவைப்பட்ட ஆள்." கல் அவர் கன்னத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளை, வெளியே போய் மணியை அழுத்திக்கிட்டே இரு."

மைத்துனர் ஓடினார். மூன்று ஐம்பத்தெட்டு. சத்தமில்லை. மூன்று ஐம்பத்தொன்பது. சத்தமில்லை. நிமிட முள் பன்னிரண்டில் நிமிர்ந்தது, அறையே அதிரும்படி மணி அலறியது.

மேலாளரின் கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போனது. "மத்தியானம் கொஞ்சம் கண்ணசர, ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் அமைதின்னு என் வாசல் மணிக்குத்தான் ஒரு வரி சேர்த்தேன். இவ ஃபைலை நான் தொடவே இல்லை!"

"தொட வேண்டிய அவசியமே இல்லை. மணிக்கும் சைரனுக்கும் பதிவேடு ஒண்ணுதான். யாரும் கை வைக்கலைன்னு சொன்னீங்களே, அதுதான் பொய்."

அவள் கடிதத்தை மேலாளர் பக்கம் தள்ளினாள். "பேனா உங்ககிட்டதான் இருக்கு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "வெளியே போ" என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில் அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். கல் கையமர்த்தினார். "வேண்டாம்னு சொன்னப்புறமும் அந்த ரெண்டாவதை ஏன் விட்டுவச்சே?"

"என்னைக்காவது உதவும்னு..."

கல் படியிறங்கிப் போனார். அவள் திரும்பித் தன் இருக்கைக்குப் போய், ஃபைலைத் திறந்து, நீளமான கன்ஸ்ட்ரக்டரை அழித்தாள். மேலாளர் அறை வாசலில் மைத்துனர் இன்னும் அந்த மணியை அழுத்திக்கொண்டிருந்தார்.