பசிக்காத குழந்தை

அன்று ராத்திரி திலகவதியை எழுப்பியது குழந்தையின் அழுகை இல்லை. மார்பில் பால் கட்டி, கசிந்து, நைட்டி நனைந்துபோயிருந்தது. ஒரு மாதமாக அவளைக் கண்மூட விடாமல் வீல் வீலென்று கத்தித் தீர்த்த பூமிகா, பக்கத்தில் பாயில் சத்தமே காட்டாமல் கிடந்தாள். சிப்காட் பக்கம் உருக்காலையில் இரும்பு விழும் சத்தம் தரை வழியாக வந்துகொண்டிருந்தது, மேலே ஃபேன் கடகடத்தது, இத்தனைக்கும் நடுவில் சின்னதாக, ஈரமாக, யாரோ சப்புக்கொட்டும் சத்தம். லைட்டைப் போட்டாள். குழந்தை விழித்துத்தான் இருந்தது. உதட்டை நக்கிக்கொண்டே எதையோ பார்த்துச் சிரித்தது. தூக்கிப் பால் கொடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் தணிகைவேலிடம் சொன்னாள்.

"தூங்கினா நல்லதுதானே? நீ பட்ட பேஜாரு பத்தாதா? இதுக்குப் போயி பயந்துகினு கீற."

பக்கத்துப் போர்ஷன் முத்தம்மாவும் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். "ஆறு மாசம் முடிஞ்சிச்சே, இன்னும் இன்னாத்துக்கு வெறும் பாலு? கேவுரு கூழு காச்சி ஊட்டுமே."

ஆறு மாதம் முடிந்ததும் ஆரம்பித்துவிடு என்று அங்கன்வாடியிலும் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஊருக்கே தெரிந்தது திலகவதிக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவர்கள் வழக்கத்தில் முதல் சோறு தாய்மாமன் மடியில் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். பூமிகாவுக்கு இருந்தது ஒரே மாமன், வசந்தகுமார். அவள் வயிற்றில் இருக்கும்போதே, உருக்காலையில் காய்ச்சின இரும்பு மேலே கொட்டிச் செத்துப்போனான். பெட்டியை மூடியேதான் கொடுத்தார்கள். தம்பி முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

திலகவதியின் ஒன்றுவிட்ட தம்பி பரசுராமன் மடியில் வைத்து, சிறுவாபுரி கோயிலில் ஊட்டிவிடலாம் என்று முந்தின நாள்தான் தணிகைவேல் நாள் குறித்துவிட்டு வந்திருந்தான். திலகவதி வசந்தகுமாரின் படத்துக்கு முன்னால் ஒரு பிடி நெய்ச்சோற்றை வைத்துவிட்டுக் கதறினாள்.

"எவன் மடிலயும் உக்கார வெக்க மாட்டேன்டா. நீயே வந்து ஊட்டு!"

அன்று ராத்திரிதான் பூமிகா அழவில்லை.

அடுத்து வந்த ராத்திரிகளிலும் அழவில்லை. பகலிலும் பால் குடிக்கவில்லை. பட்டினி கிடக்கிற பிள்ளை இளைக்க வேண்டாமா? பூமிகாவுக்குக் கன்னம் உப்பியது, தொடை மடிப்பு விழுந்தது, இடுப்பில் தூக்கிவைத்தால் திலகவதிக்கே இடுப்பு கடுத்தது. போர்ஷன் பெண்கள் கண்ணுபட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைத்தார்கள். திலகவதி குழந்தையின் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்தாள். நெய்ச்சோற்று வாசனை. அதற்கும் அடியில், மயிர் பொசுங்கும் நாற்றம். ஈரத்துணியால் நாக்கைத் துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது.

வழக்கமாவது மண்ணாவது, என் பிள்ளைக்கு நான் ஊட்டுகிறேன் என்று முடிவு கட்டினாள். தணிகைவேல் ஷிப்டுக்குக் கிளம்பியதும் கேழ்வரகு மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, ஆற்றி, கிண்ணத்தோடு பாயில் வந்து உட்கார்ந்தாள். லைட்டை அணைக்கவில்லை.

"வசந்து, போதும்டா," என்றாள். "அக்கா ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன். இனிமே நானே ஊட்டிக்கிறேன். நீ போயிடு சாமி."

ஸ்பூனைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். பூமிகா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கூழ் மோவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் கொடுத்தாள். மூடிய உதடு திறக்கவில்லை.

"ஒரே ஒரு வாயி வாங்கிக்கடி கண்ணு. அம்மா தர்றேன்ல?"

பொசுங்கும் நாற்றம் அறையை நிறைத்தது.

குழந்தை சிரித்தது. அவளைப் பார்த்து இல்லை.

பாயிலிருந்து மெல்ல எழும்பியது. தானாக உட்காரவே தெரியாத பிள்ளை. நிமிர்ந்து உட்கார்ந்தது. முதுகை எதன்மேலோ சாய்த்துக்கொண்டது. அடியில் ஒன்றும் இல்லை. பாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாண் வெறும் காற்று.

கிண்ணம் உருண்டது. திலகவதி பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். குழந்தையின் வயிற்றில் ஐந்து விரல் தடம் பதிந்தது. கரிக்கறுப்பாக. அவள் இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகியது.

கீழே கோரைப்பாய் புகைந்தது. ஒரு முட்டி. இன்னொரு முட்டி. சம்மணம் போட்டு உட்கார்ந்த அளவுக்குப் பாய் கருகிக்கொண்டே வந்தது.

பூமிகா அழவில்லை. அண்ணாந்து பார்த்து, வாயை ஆவென்று திறந்தாள். மென்றாள். விழுங்கினாள்.

மறுபடியும் திறந்தாள்.