கடைசி இருக்கை

செவ்வாயில் விடிந்ததும் எல்லோரும் முதலில் செய்யும் வேலை, காதுக்குப் பின்னால் பதித்த நினைப்புச் சில்லைத் துடைப்பதுதான். சிவப்புத் தூசு படிந்தால் நினைப்பு போய்ச் சேராது. சௌந்தரநாயகிக்கு மூன்று நாளாகத் துடைத்துத் துடைத்துத் தோலே உரிந்துவிட்டது. நினைப்பில் அனுப்பிய விண்ணப்பம் மட்டும் போகவில்லை.

பூமிக்குப் போகும் கப்பலில் ஒரே ஓர் இருக்கை மிச்சம். இன்று நண்பகலோடு பதிவு முடிகிறது. அடுத்த கப்பல் வர இரண்டு வருடம் ஆகும். அதற்குள் அவள் எலும்பு பயணத்தைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பூமியில் மகள் இருக்கிறாள். பார்த்துப் பதினோரு வருடம்.

நடைபாதைக் கோடியில் இணைப்புப் பெட்டியைத் திறந்து வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஞானப்பிரகாசத்துக்கு இது வாரத்தின் பதினேழாவது புகார். கொட்டாவியோடுதான் விளக்கினான்.

"உங்க விண்ணப்பம் பூட்டின உறையிலதான் போகுதுக்கா. வாசல்ல நிக்கிற எந்திரம் உறையைப் பிரிச்சு, உள்ள இருக்கறதை மட்டும் பதிவு எந்திரத்துக்கிட்ட குடுக்குது. அது, 'பூட்டாம வந்திருக்கு, போய்ப் பூட்டிட்டு வா'ன்னு திருப்பி அனுப்புது. வாசல்காரன் மறுபடி பிரிக்கிறான்."

"எத்தனை தடவைப்பா?"

"நானூத்திச் சொச்சம்."

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காதா?"

"அதான் வேலையே. 'பூட்டித்தான் வந்துச்சு'ன்னு வாசல்காரன் ஒரு சீட்டு எழுதிக் குடுக்கணும். அதை உள்ள இருக்கிறவன் நம்பணும். அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கடைசியில் விண்ணப்பம் ஒரே மூச்சில் உள்ளே போனது. சௌந்தரநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. வழக்கப்படி பதிவு எந்திரம் ஓர் இரகசிய எண்ணை அனுப்பியது. அதை முதலில் திருப்பி அனுப்புகிறவருக்கே இருக்கை.

"நம்பர் வந்துச்சாக்கா? சொல்லுங்க, நானே போட்டுடறேன்!" காற்றுப் பம்பு இரைச்சலில் ஞானப்பிரகாசம் கத்தினான்.

"ஏழு, ரெண்டு, சைபர், ஒம்பது..."

"கேக்கலக்கா!"

அறை வாசலுக்கே வந்து, எதிர் அறைக் கதவு திறந்திருப்பதைக்கூடப் பார்க்காமல், அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள். ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, இரண்டு முறை. கூட வந்திருந்த 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற வரியையும் விடாமல் வாசித்தாள்.

ஞானப்பிரகாசம் எண்ணைப் போட்டான். பதில் உடனே வந்தது: இருக்கை நிரம்பிவிட்டது. பயணி, எதிர் அறை விருத்தகிரி.

சௌந்தரநாயகி திரும்பி எதிர் அறைக் கதவைப் பார்த்தாள். ஞானப்பிரகாசம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. விருத்தகிரியின் விண்ணப்பம் அதே ஆறு இலக்கத்தோடு, பூட்டிய உறையில், வாசல்காரன் சீட்டோடு, ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நேராக உள்ளே போயிருந்தது.