பொருந்தாத ஒருவர்

பத்துக்குப் பத்து. கோவையில் யார் ரத்தத்தை யாரோடு ஒப்பிட்டாலும் பொருத்தம் பார்க்கும் இணைமானி இதைத்தான் காட்டும். ஒத்தணு ஊசி எல்லோருடைய உயிரணுக்களுக்கும் ஒரே அடையாளத்தைப் பதித்துவிட்டது. போட்ட மறுநாளே மாறிவிடும், பழையபடி திருப்ப வழியில்லை. திருப்பவும் யாருக்கு வேண்டும்? ரத்தப் புற்றுக்காரர்கள் ஸ்டெம் செல் எனும் குருத்தணுவுக்குக் கொடையாளரைத் தேடி அலைந்த கொடுமை ஒழிந்ததே! கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் அமைந்ததில்லை.

அந்த ஊசிக்காக ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர் செங்கோடன். இப்போது அவர் மனைவி மரகதத்துக்கே ரத்தப் புற்று. மனிதர் அசரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் குருத்தணுவை ஏற்றினார்கள், சிக்கலில்லாமல் ஒட்டிக்கொண்டது. புற்றோ திரும்பி வந்துவிட்டது.

"முன்னெல்லாம் அடுத்தவங்க அணு உள்ள போனா, மிச்சமிருக்கற புற்றை அந்நியன்னு கண்டுபிடிச்சு அடிக்குமுங்க," என்றார் டாக்டர் பவளக்கொடி. "இப்ப அதையும் சொந்தக்காரன்னு நெனச்சு விட்டுருது. ஊசி போடாத ஒருத்தர் வேணும். கொஞ்சமாச்சும் பொருந்தாத ஆள்."

செங்கோடனுக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் உண்டு, மரகதத்தின் அண்ணன் குப்பண்ணன். என்ன சொல்லியும் ஊசிக்கு மசியாதவர். சொந்த மச்சானையே மாற்ற முடியாதவன் ஊருக்குச் சொல்ல வந்துவிட்டான் என்று நாலு பேர் சிரித்ததில் செங்கோடனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊசி போடாத வீட்டுல இனி கை நனைக்க மாட்டேன்" என்று மச்சான் வீட்டிலிருந்து எழுந்து வந்துவிட்டார். மரகதத்தையும் போக விடவில்லை, அண்ணன் மகள் சீருக்குக்கூட. மரகதத்தின் நோயையும் மச்சானுக்குச் சொல்லி அனுப்பவில்லை. எவ்வளவு பெரிய பாவம் செய்துவிட்டோம் என்று இப்போதுதான் உறைத்தது. காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று பெருந்துறைக்குக் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் கேட்டுக் குப்பண்ணன் வாசலுக்கே ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மாப்ள! அதுக்குள்ள யாருங்க சொன்னாங்க?"

"எதைங்க மச்சான்?"

குப்பண்ணன் சட்டைக் கையைச் சுருட்டித் தோளைக் காட்டினார். ஊசி குத்திய இடம் இன்னும் சற்றே வீங்கியிருந்தது.

"முந்தாநாத்து போட்டுக்கிட்டனுங்க. என்ற பிடிவாதமா, தங்கச்சியான்னு யோசிச்சேன். அவளப் பாக்காம இருக்க முடியலீங்க."

குப்பண்ணன் செங்கோடனைத் தாண்டி வண்டியை எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி உள்ளதான இருக்கா? எறங்கி வரச் சொல்லுங்க மாப்ள."