ஏழாம் தட்டு

முளைப்புப் பெட்டியில் தட்டுகள் ஆறுதான். பதிவேட்டிலோ ஏழாம் தட்டுக்கும் ஒரு பக்கம் இருந்தது. சின்னவள் மறுபடி எண்ணினாள். விதை வங்கிக்காரிக்கு ஆறு வரை எண்ணத் தெரியாதா என்ன? ஆறேதான்.

பதினோரு வருடமாக அக்காவும் தங்கையுமாகக் கட்டிக்காக்கும் ஆய்வகம் அது. அக்கா காடு சுற்றி நோய்ப்பட்ட மரங்களைக் கணக்கெடுப்பாள். சின்னவள் விதைகளைக் காயவைத்துக் குளிரறையில் அடுக்குவாள். மழை பொய்த்த இந்த வருடம் ஓர் இனத்தின் கடைசித் தாய்மரமும் பட்டுப்போனது. அதன் விதை தூசி மாதிரி இருக்கும். ஈரம் போனால் உயிரும் போய்விடும். சின்னவள் பழக்கதோஷத்தில் மற்ற விதைகளைப் போல அதையும் காயவைத்துத் தொலைத்தாள். அக்கா ஒரு வார்த்தை கடியவில்லை. "விடுடி, ஒரு சிட்டிகை தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்று தலையை வேறு தடவிக்கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சின்னவள் அழுது தீர்த்தாள்.

அந்தச் சிட்டிகைதான் ஏழாம் தட்டு போலிருக்கிறது. ஆனால் தட்டு எங்கே?

சாயங்கால வெயில் ஜன்னல் வலையில் சிக்கிக் கிடந்தது. பெட்டியின் மோட்டார் பல்வலிக்காரனைப் போல முனகிக்கொண்டிருந்தது. ஈரமண் வாசனை மட்டும், பெட்டியைத் திறக்காமலே, இரண்டு வாரமாகச் சோற்றுத் தட்டிலும் தலையணையிலும் அவளைத் தொடர்ந்து வருவது போல இங்கேயும் வந்தது. இருமல் எடுத்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு படித்தாள்.

'வெப்பம் முப்பத்தேழு. முழு ஈரம். முழு இருள்.'

இந்தப் பெட்டி முப்பதைத் தாண்டாது. இந்தக் கட்டடத்தில் எப்போதும் முப்பத்தேழில் இருப்பது எது?

'காலை 36.8. மாலை 37.1.'

காய்ச்சல் இருக்கிறதா பார்ப்போம் என்று அக்கா தினமும் இரண்டு வேளை அவள் நாக்கடியில் தெர்மாமீட்டர் வைக்கிறாள். அதற்கு முன்னால், ஒரு சாதாரணத் தும்மலுக்கு ஆவி பிடிக்க வைத்தவளும் அக்காதான். போர்வையைத் தலைக்கு மேல் மூடி, "நல்லா இழு. ஆழமா இழு" என்றாள். இருமல் தொடங்கியது அதற்கு மறுநாள்.

சின்னவள் பக்கத்தின் அடிக்குப் போனாள். கடைசி வரி, அக்காவின் மணிமணியான கையெழுத்தில்:

'இரவு தட்டு மூன்று முறை குலுங்கியது. சிரப் கொடுத்து அடக்கினேன்.'

சிரப். நேற்று. மூன்று தடவை இருமல்.

வேலி பயிரை மேய்வது உலகத்தில் உள்ளதுதான். இந்த வேலி அவளையே வயலாக்கியிருந்தது. பயத்துக்கு முன்னால் அதுதான் சுட்டது. கூடப்பிறந்தவள். ஒரே தட்டில் சாப்பிட்டவள்.

தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா உள்ளே நின்றாள், கையில் நாற்றுகளுக்கு வைக்கும் விளக்கு.

"படிச்சிட்டியா?"

"ஏன்க்கா? நான் உன் தங்கச்சிக்கா..."

"அது எனக்குத் தெரியாதா? இருந்ததையெல்லாம் காயவச்சது நீதானே. எனக்கு வேற எடம் கெடைக்கலடி." அக்காவின் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது.

விளக்கு எரிந்தது. முகத்துக்கு நேராக.

ஓட வேண்டும். கதவை அடைத்துக்கொண்டு அக்கா நின்றாள்.

நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. இருமல் இல்லை. மெல்ல மேலே வந்தது. தொண்டைக்கு. வெளிச்சத்தின் பக்கம்.

பல்லைக் கடித்தாள். உள்ளிருந்து எதுவோ பல்லை விலக்கியது.

"கண்ணு... வாடா தங்கம், வா" என்று குழைந்தாள் அக்கா. சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது கூப்பிட்ட அதே குரல். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு நொடி நம்பி, சின்னவள் நிமிர்ந்தாள். அக்கா அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் கண்ணாடிக் கதவில் சின்னவளின் முகம் தெரிந்தது. பிளந்த உதடுகளுக்கு நடுவே, நாக்கின் மேல், வெளிறிய இரண்டு இலைகள் விளக்கை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன.